பாம்பன் காற்றுக்கு எந்தக் கண்ணாடி?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் கீழக்கரை. வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. மாதம் இரண்டு தடவை வீட்டம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போகிறீர்கள், வேலை விஷயமாகத் தனியாகத் தூத்துக்குடி போய் வருகிறீர்கள். எழுபதைத் தாண்டினால் காற்று நெஞ்சில் அறைகிறது, திரும்பி வந்ததும் கழுத்தும் தோளும் வலிக்கின்றன, பாம்பன் பாலத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. ஆன்லைனில் பேட்விங் ஃபேரிங் (ஹெட்லைட்டைச் சுற்றி அகலமாக மாட்டுகிற காற்று மறைப்பு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், மாட்டினால் எல்லாம் சரியாகுமா என்பது கேள்வி.

ராமநாதபுரத்தில் பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்குச் சாமான் மாட்டிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பேட்விங் வேண்டாம். சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய, நடுத்தர உயரமுள்ள விண்ட்ஷீல்டு, அதாவது காற்றுத் தடுப்புக் கண்ணாடி ஒன்று போதும். நெஞ்சில் அறைகிற காற்றுக்காகவும் கழுத்து, தோள் வலிக்காகவும் அதை மாட்டுங்கள். பாலத்தில் தள்ளுகிற காற்றுக்கு அது மருந்தாகாது. பெரிதாக மாட்டினால் அந்தத் தொந்தரவு கூடவே செய்யும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு காற்று. ஒன்று எதிரில் வருவது, இன்னொன்று பக்கத்தில் வருவது. கடைக்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். நம் கடற்கரையில் இவற்றைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் எதிர்க்காற்று. கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, வாலிநோக்கம் விலக்கு, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறக்குறைய மேற்கு தென்மேற்காகப் போகிறது. ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வருவதும் அந்தத் திசையிலிருந்துதான். நீங்கள் 70-ல் போகும்போது காற்று 30-ல் எதிரே வந்தால் உங்கள் நெஞ்சில் படுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 70-க்கும் 100-க்கும் இடையில் விசை இரண்டு மடங்காகிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டிப் பிடித்திருக்கிற ஒரு ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இருபது கிலோ எடையை நெஞ்சில் வைத்து அழுத்துவதற்குச் சமம். குரூசர் வண்டியில் கால் முன்னால் நீண்டிருக்கும், உடம்பு பாய்மரம் மாதிரி விரிந்திருக்கும். சாதாரண வண்டியில் கொஞ்சம் குனிந்துகொள்ளலாம், இதில் முடியாது. அந்த இருபது கிலோவையும் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் தாங்குகிறீர்கள். தோள்வலி அங்கிருந்து வருகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும், வண்டி அலுங்காமல் வரும். வலி போகும்போது மட்டும்தானா, வரும்போதும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். போகும்போது மட்டும்தான் என்றால் விண்ட்ஷீல்டு நிச்சயம் உதவும்.

இனி பாலம். மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு அது ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வலது விலாவில் அடிக்கும். வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து இடது விலாவில் அடிக்கும். பக்கத்தில் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள், அதற்கென்று காற்றுமானி வைத்திருந்தார்கள். அத்தனை டன் எடையுள்ள ரயிலுக்கே அந்தக் கட்டுப்பாடு. உங்கள் மீட்டியார் 191 கிலோ. இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். கச்சான் நேரத்தில் ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது நம்மையறியாமல் வலது பக்கம், காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் சாய்ந்துதான் ஓட்டுவோம். எதிரே வரும் பேருந்து நமக்கு வலது பக்கத்தில், காற்று வருகிற பக்கத்தில்தான் கடக்கும். அது கடக்கிற ஒரு நொடி காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்ந்திருந்த வண்டி பேருந்துப் பக்கமாக விழப் பார்க்கும். நாம் நிமிர்த்துவதற்குள் பேருந்து போய்விடும், காற்று மறுபடி முழு வீச்சில் அடித்து இடப்பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளும். வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதைத்தான் என்று நினைக்கிறேன். இதற்கு எந்தக் கண்ணாடியும் மருந்தில்லை. 40, 45-க்கு இறங்கிவிடுங்கள். வேகம் குறைந்தால் பக்கவாட்டுத் தள்ளலும் குறையும். கையைத் தளர்த்திப் பிடியுங்கள். பேருந்து நெருங்குவதற்கு முன்பே லேனின் நடுவுக்கு வந்துவிடுங்கள், சுவரை ஒட்டிப் போகாதீர்கள். மழைநாளில் பாலத்தின் இணைப்புப் பட்டைகள் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

இப்போது பேட்விங் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். வௌவால் இறக்கை மாதிரி ஹெட்லைட்டைச் சுற்றி விரிகிற அந்த ஃபேரிங் ஹார்லி டேவிட்சன் எலக்ட்ரா கிளைடில் 1969-ல் வந்தது. முன்னூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்காகச் செய்தது. அது ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயோடு) சேர்ந்திருப்பது, ஹேண்டில் திரும்பும்போது கூடவே திரும்பும். பக்கக் காற்று அதில் பட்டால் அந்த விசை நேராக ஹேண்டிலுக்குப் போகும். காற்றே உங்கள் ஹேண்டிலைப் பிடித்துத் திருப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே கம்பெனியின் ரோடு கிளைடில் ஃபேரிங்கைச் சேஸிஸில் பொருத்தியிருப்பார்கள், அங்கே காற்று வண்டியைத் தள்ளுமே தவிர ஹேண்டிலைத் திருகாது. 1970-களில் அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் செய்த விண்ட்ஜாமர் ஃபேரிங்கும் சேஸிஸில் மாட்டுகிற வகைதான், நீண்ட தூரம் போகிறவர்கள் அதை அவ்வளவு விரும்பினார்கள். உங்கள் வண்டிக்குச் சேஸிஸில் மாட்டுகிற மாதிரி ஒழுங்காகச் செய்த ஃபேரிங் சந்தையில் எதையும் நான் பார்த்ததில்லை. ஆன்லைனில் கிடைப்பதெல்லாம் ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டு மாட்டுகிறவை.

ரேஸ்காரர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். 1950-களில் முன்சக்கரத்தையே முழுதாக மூடிய டஸ்ட்பின் ஃபேரிங்குகள் இருந்தன. நேர்க்கோட்டில் அபாரமான வேகம். பக்கக் காற்று அடித்தால் வண்டி கட்டுக்குள் நிற்காது. 1957 பந்தயப் பருவம் முடிந்ததும் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அதைத் தடை செய்துவிட்டது. முன்பக்கத்தில் பரப்பைக் கூட்டினால் பக்கக் காற்றுக்குப் பிடி கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாம்பன் பாலமும் தனுஷ்கோடி சாலையும் உங்கள் வழக்கமான பாதையில் இருக்கும்போது இதை ஒதுக்கிவிட முடியாது. அரிச்சல்முனை வரை 2017-ல் போட்ட அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கடல், மணலும் சேர்ந்து அடிக்கும்.

எடையும் இருக்கிறது. ஃபோர்க்கில் எடை கூடினால் ஹேண்டில் மந்தமாகும், முன்பக்கம் சற்று அமுங்கும், ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கும். ஹேண்டில் திரும்புகிற இடத்தில் உள்ள பேரிங்கான கோன்செட் கொஞ்சம் லூசாக இருந்தால், அதுவரை தெரியாத ஆட்டம் எண்பதில் தெரிய ஆரம்பிக்கும். அதனால் எந்தக் கண்ணாடி மாட்டினாலும் அதற்கு முன் கோன்செட்டையும் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். பின்னால் டாப் பாக்ஸ் இருந்தால் பாலத்தில் போகிற அன்று காலியாக வையுங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

சரி, விண்ட்ஷீல்டுதான் என்று முடிவானால் எந்த உயரம்? இங்கேதான் பத்தில் ஏழு பேர் தவறு செய்து என்னிடம் வருகிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கிற அளவு உயரமாக வாங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் அது கூடவே கூடாது. கடல் காற்றில் அரைமணி நேரம் ஓட்டினால் கண்ணாடியில் உப்புப் படலம் ஏறும். மாலை ஐந்தரைக்கு ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது சூரியன் நேர் எதிரே இருக்கும், அந்தப் படலம் முழுவதும் வெள்ளையாக மின்னும், முன்னால் போகிற சைக்கிள் தெரியாது. இரவில் மழை என்றால் எதிர்வண்டி ஹைபீம் ஒவ்வொரு துளியிலும் சிதறும். ஆகவே வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து, நாற்பது ஐம்பது அடி தூரத்தில் தரையைப் பாருங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு அந்தப் பார்வைக் கோட்டுக்கு ஒன்று இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூக்கு அல்லது மோவாய் மட்டத்தில் வரும். கண்ணாடி சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதால் காற்று விளிம்பைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலேறித்தான் போகும், தலைக்கு மேல் போய்விடும்.

போகவில்லை என்றால்? நெஞ்சில் காற்று இல்லை, ஆனால் ஹெல்மெட் மட்டும் தட்தட்டென்று அதிர்கிறது என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. மேல்விளிம்பைத் தாண்டி வருகிற காற்று அந்தப் பள்ளத்துக்குள் சுருண்டு விழும். அந்தச் சுருள் சரியாக ஹெல்மெட்டில் போய் முட்டினால் கண்ணாடி இல்லாத நிலையைவிட மோசம், தலைவலி வந்துவிடும். இதை அளக்க வழி சுலபம். உச்சிப்புளி தாண்டி நேர்ச்சாலையில், வண்டி இல்லாத காலை நேரத்தில் 70-ல் போங்கள். உட்கார்ந்தபடியே இடுப்பைத் தளர்த்தி இரண்டு அங்குலம் தாழுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் கண்ணாடி இரண்டு அங்குலம் உயர வேண்டும். தாழ்ந்தால் அடங்கவில்லை, முதுகை நிமிர்த்தி உயர்ந்தால் அடங்குகிறது என்றால் கண்ணாடி இறங்க வேண்டும். இரண்டிலும் மாற்றமே இல்லை என்றால் கோளாறு ஹெல்மெட்டில் இருக்கலாம். முகம் திறந்த ஹெல்மெட் போட்டுக்கொண்டு கண்ணாடியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

கண்ணால் பார்க்க வேண்டுமா? வீட்டில் பின்னல் கம்பளி நூல் இருக்கும். நான்கு அங்குல நூல் ஏழெட்டுத் துண்டு வெட்டி, கண்ணாடியின் மேல்விளிம்பிலும் இரண்டு பக்க விளிம்பிலும் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று. இன்னொரு வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியில் பக்கத்திலிருந்து படம் பிடிக்கட்டும். நூல் பின்னோக்கி விறைத்து நின்றால் அங்கே காற்று சீராகப் போகிறது. நூல் சுழன்று சுழன்று முன்பக்கமாகவும் மடிந்தால் அங்கே சுழல். போன வருஷம் தேவிப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு இப்படிப் பார்த்தபோது மேல்விளிம்பு நூல் எல்லாம் நேராக நின்றன, கீழே ஹெட்லைட்டை ஒட்டியிருந்த இரண்டு நூல் மட்டும் பைத்தியமாகச் சுழன்றன. கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர் ரப்பர் ஷீட்டால் அழகாக அடைத்திருந்தார். அதை எடுத்துவிட்டோம். கீழிருந்து கொஞ்சம் காற்று உள்ளே வந்ததும் பின்னால் இருந்த பள்ளம் நிரம்பியது, ஹெல்மெட் அதிர்வு பாதியாகக் குறைந்தது. அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும் தம்பி, அதை அடைக்காதீர்கள்.

வீட்டம்மாவை மறந்துவிடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் போகும் காற்று அவர் முகத்தில் இறங்கும். பின்னால் உட்காருபவர் பொதுவாகச் சற்று உயரத்தில் இருக்கிறார். சோதித்துப் பார்க்கிற அன்று அவரையும் கூட்டிப் போய், அவர் சொல்வதையும் கேட்டுத்தான் உயரத்தை முடிவு செய்யுங்கள். சேலை அல்லது துப்பட்டாத் தலைப்பைக் கண்டிப்பாக இடுப்பில் சொருகச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் காற்று நேராக வீசாமல் சுழலும், துணி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

பொருள் என்று பார்த்தால் இரண்டுதான்: அக்ரிலிக், பாலிகார்பனேட். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், கீறல் குறைவாக விழும், அடிபட்டால் உடையும். பாலிகார்பனேட் உடையாது, சீக்கிரம் கீறும். மேலே கடினப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகிவிடும். கல்லும் மணலும் அடிக்கிற நம் சாலைக்குப் பூச்சுள்ள பாலிகார்பனேட் என்பதே என் முடிவு. உங்கள் வண்டிக்குக் கம்பெனியே விண்ட்ஸ்கிரீன் தருகிறது, சூப்பர்நோவா மாடலில் அது மாட்டியே வருகிறது. அந்தக் கிட் உங்கள் உயரத்துக்குச் சரியாக வந்தால் வேறு தேட வேண்டாம், கிளாம்ப் அளவு பொருந்துமா என்ற கவலையே இல்லை. வெளியில் வாங்கினால் ஃபோர்க் 41 மில்லிமீட்டர் என்று சொல்லி அதற்கான கிளாம்ப் கேளுங்கள். பெரிய கிளாம்ப்புக்குள் ரப்பர் சுற்றி இறுக்குகிற வேலை வேண்டாம்.

மாட்டுவதில் நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்பு என் சொந்த வண்டிக்கு அக்ரிலிக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினேன். எஞ்சின் வேலையில் இருந்த பழக்கத்தில், போல்ட் கழன்றுவிடக் கூடாதென்று திரெட்லாக்கர் திரவம் வைத்து நன்றாக முறுக்கினேன். நாலைந்து நாளில் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச்சிமடம் தாண்டும்போது டக் என்று ஒரு சத்தம். இடது கீழ் மூலை கையகலத்துக்கு உடைந்து, கண்ணாடி முழுவதும் திரும்பி டேங்க்கில் அடித்தது. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை, ஓரம் கட்டிவிட்டேன். அந்தத் திரவம் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், பாலிகார்பனேட்டையும் விடாது. அதனால் கண்ணாடியைத் தொடும் எந்தப் போல்ட்டிலும் திரெட்லாக்கர் வைக்காதீர்கள், மெக்கானிக் வைக்கவும் விடாதீர்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுப் போட்டால் கழலாது. ஓட்டை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், வெயிலில் பிளாஸ்டிக் விரிய இடம் வேண்டுமே. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும், அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம்.

உப்பு வேலையைக் காட்டுவது இரும்பில்தான். குரோம் பூசிய இரும்புக் கிளாம்ப் ஒரு வாடைக்காலம் தாங்காது. ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்கும்போது 316 தரம் என்று கேளுங்கள். கடையில் சாதாரணமாக வைத்திருப்பது 304, அதுவும் நம் கரையில் பழுப்புப் புள்ளி விடும். அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாக உட்கார்ந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். நடுவே நைலான் வாஷர் போட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் இரண்டு வருஷம் கழித்தும் கையால் கழற்றலாம்.

துடைப்பதில் பொறுமை வேண்டும். தனுஷ்கோடி போய்வந்ததும் காய்ந்த துணியால் ஒரு இழு இழுத்தால் அன்றோடு கண்ணாடி போச்சு, மணல் கோடு கோடாக விழுந்துவிடும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பையும் மணலையும் வழியவிடுங்கள். ஈரத்துணியைக் கண்ணாடி மேல் போர்த்திப் பத்து நிமிஷம் வையுங்கள். அப்புறம் இன்னொரு ஈரப் பருத்தித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது.

கழற்றி மாட்டக்கூடியது என்று ஏன் அழுத்திச் சொன்னேன்? பங்குனி, சித்திரை வெயிலில் நெஞ்சில் படுகிற காற்றுதான் நமக்கு இருக்கிற ஒரே குளிர்ச்சி. கண்ணாடி அதையும் நிறுத்திவிடும், சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அந்த இரண்டு மூன்று மாதம் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். கிராஷ்கார்டில் மாட்டுகிற கால்மறைப்பு ரெக்ஸின் எல்லாம் வாங்கவே வேண்டாம், எஞ்சின் சூடு முழுக்கக் காலில் ஏறும்.

சட்ட விஷயம் கொஞ்சம். ஆர்.சி.யில் பதிந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கம்பெனி விண்ட்ஸ்கிரீன் மாட்டுவதால் அந்த விவரம் எதுவும் மாறுவதில்லை. ஆனால் ஹெட்லைட், இண்டிகேட்டர், முன் நம்பர் பிளேட் மூன்றும் மறையாமல் இருக்க வேண்டும். மாட்ட எந்த ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாட்டியதும் வண்டி நிற்கிற இடத்திலேயே ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், பிராக்கெட் டேங்க்கிலோ கேபிளிலோ எங்கேயும் தொடக் கூடாது. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், குறிப்பாக ஹெட்லைட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கீழ் இரண்டையும். பாலத்துக்கு முதல் முறை காலை ஏழு மணிக்குள் போங்கள், காற்று இளசாக இருக்கும். அங்கே வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு நாள் மாலை மூன்று மணிக் காற்றில் தனியாகப் போய்ப் பாருங்கள். அதற்கப்புறம் வீட்டம்மாவைக் கூட்டிப் போகலாம்.

வாங்குவதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து, வேறொருவரை விட்டு இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள்: தரையிலிருந்து உங்கள் கண் வரை, தரையிலிருந்து ஹெட்லைட்டின் மேல்விளிம்பு வரை. இரண்டையும் எழுதி அனுப்பினால் கண்ணாடி எத்தனை அங்குலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.